யமுனாவுக்காக அவள் கணவர் பேசினார்

அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போகும் நர்ஸ் பெண்கள் அவ்வப்போது என் வீட்டுக்கு வருவார்கள். நான் ஆறு மொழி பேசுவேன் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். "சிஸ்டரம்மா, எந்த பாஷையை முதல்ல படிச்சா பிரயோஜனம்?" என்று கேட்பார்கள். நான் எந்த மொழியையும் பிரயோஜனம் பார்த்துப் படித்ததில்லை. ஒரே ஒரு மொழியைத்தான் நானாகத் தேடிப் போய்ப் படித்தேன். அது மராத்தி. எங்கள் ஊரில் அதைவிடப் பயனில்லாத மொழி இருக்க முடியாது. அதை ஏன் படித்தேன் என்று கேட்கிறவர்களுக்கு இதுவரை பாதிதான் சொல்லியிருக்கிறேன். முழுவதையும் இப்போதுதான் சொல்கிறேன்.

குழித்துறைக்குக் கிழக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் படிப்பு படித்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்தேன். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி, நாங்கள் இன்னும் தமிழ்நாட்டோடு சேராதிருந்த காலம். வீட்டில் தமிழ். பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ். இந்த மூன்றையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை, அவை வந்து ஒட்டிக்கொண்டவை. அந்தச் சமயத்தில் எல்லோரும் இந்தி படித்தார்கள். சம்பளம் கூடும், பதவி கிடைக்கும் என்று சாயங்கால வகுப்புக்குப் போனார்கள். நானும் கொஞ்ச நாள் போய்விட்டு நிறுத்திவிட்டேன்.

எங்களுக்குத் தலைமை நர்ஸ் ஒரு வெள்ளைக்கார அம்மையார். மிசியம்மா என்போம். அவர் பேசும் தமிழ் புத்தகத்திலிருந்து இறங்கி வந்தது போலிருக்கும். "தாங்கள் இன்று எவ்வாறு உணர்கிறீர்கள்?" என்று அவர் கேட்டால் பனையேறிகளின் மனைவிமார் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரிப்பார்கள். ஆனால் அவரிடம் யாரும் சும்மா ஒரு வார்த்தை பேசிவிட முடியாது. படிப்புக் காலத்தில் ஒருநாள், "இந்த நோயாளிக்கு வயிற்றுவலி" என்று சொன்னேன்.

"அவள் சொன்ன சொல் என்ன?"

"வயிறு காந்துதுண்ணு சொன்னா, மிசியம்மா."

"காந்துவதும் வலிப்பதும் ஒன்றா? அவள் சொன்ன சொல்லை என்னிடம் கொண்டு வா. உன் சொல்லை நீயே வைத்துக்கொள்."

அவரிடம் எதைச் சொன்னாலும் மூன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, நீ நினைத்தது. நினைத்ததைக் கடைசியில்தான் சொல்ல அனுமதி. சிடுசிடுப்பானவர், எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் எனக்குக் காது கூர்மையானது அவரால்தான்.

யமுனாவைக் கன்னியாகுமரியிலிருந்து ஒரு வாடகை வண்டியில் கொண்டுவந்தார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். பாறையிலிருந்து கடலில் விழுந்தவளை மீன்பிடிக்கிறவர்கள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். வலது தொடை எலும்பு முறிந்து கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. கூட வந்தவர் அவள் கணவர் வாமன்ராவ். வடக்கே பம்பாய்ப் பக்கம் ஏதோ அலுவலகத்தில் உத்தியோகம். வெள்ளை வேட்டி, கறுப்புத் தொப்பி, நல்ல இங்கிலீஷ். தீர்த்த யாத்திரை வந்தார்களாம்.

டாக்டர் காலைத் தொட்டபோது அவள் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொன்னாள். மறுபடி சொன்னாள். டாக்டர் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"பாசி வழுக்கிவிட்டது என்கிறாள்," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "நான் கையைப் பிடிப்பதற்குள் போய்விட்டாள், டாக்டர்."

டாக்டர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். நாங்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பிறகு சட்டையை விட்டுவிட்டாள்.

தொடை எலும்பு முறிந்தால் அந்தக் காலத்தில் வாரக்கணக்கில் படுக்கைதான். காலின் இரண்டு பக்கமும் பிளாஸ்திரிப் பட்டையை முழங்காலுக்கு மேல்வரை சுருக்கமில்லாமல் ஒட்டுவோம். பாதத்துக்குக் கீழே கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் உள்ள உருளை வழியாக எடையைத் தொங்கவிடுவோம். எடை இழுக்கிற பக்கமே நோயாளி சரிந்து வராதபடி கால்மாட்டை மரக்கட்டை வைத்து உயர்த்துவோம். எடை தரையைத் தொடக்கூடாது. கயிறு கட்டிலில் உரசக்கூடாது. முதுகு புண்ணாகாமல் காலையும் மாலையும் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போட வேண்டும். அவளைப் புரட்ட முடியாது. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் ஆயா தாசம்மாளும் கையை நுழைத்து ஒரு விரற்கடை தூக்குவோம். முடிந்ததும் அவள் எங்களைப் பார்த்துக் கும்பிடுவாள். தினமும் இத்தனை நெருக்கத்தில் அவள் மூச்சு என் கழுத்தில் பட்டும், அவளிடம் பேச எனக்கு ஒரு சொல் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

வாமன்ராவிடம் கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொடுத்தார். தண்ணீருக்கு பாணி. வலிக்கிறது என்றால் துக்கதம். மலா என்றால் எனக்கு, என்னை. மெதுவாக என்பதற்கு ஹளூ. ஒன்றைச் செய்யாதீர்கள் என்று சொல்ல, வினைக்குப் பின்னால் நகா. நான் திருப்பிச் சொன்னால், "உங்களுக்கு நல்ல காது, சிஸ்டர்," என்று மெச்சுவார். உச்சரிப்பைத் திருத்துவார்.

பார்வை நேரத்தில் அவர் வராத நாள் கிடையாது. ஆரஞ்சுச் சுளையின் நாரையெல்லாம் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக அவள் வாயில் வைப்பார். பிச்சிப்பூ வாங்கி வந்து தலையணையில் வைப்பார். அவள் சுவரைப் பார்த்தபடி மெல்லுவாள்.

"சிஸ்டரே, அந்தப் பிள்ளைக்க மாப்பிள்ளையப் பாத்தியளா?" என்பாள் தாசம்மாள். "ஆரஞ்சுக்க நாரக்கூட உரிச்சுல்லா குடுக்காரு! எனக்க வீட்டுக்காரன் எனக்கு ஒரு துள்ளி வெள்ளம் கோரித் தந்தது கெடையாது. இவளுக்கு என்ன கெறுவு, மொகத்தத் திருப்பிட்டுக் கெடக்கா."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கால் கூடியதும் அவளை ராமேஸ்வரத்துக்கு அழைத்துப் போய்க் கடலில் நீராட வைத்து யாத்திரையை முடிப்பதாக அவர் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை பக்தி என்று வியந்தோம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்பு வார்டுக்கு வெள்ளையடித்தார்கள். கட்டில்களை நோயாளிகளோடு வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டுபோக வேண்டும். யமுனாவின் கட்டிலைத் தள்ளும்போது எடையை நான் கையில் தாங்கிக்கொண்டேன். வேலைக்காரர்கள் இரண்டு பேர் தலைமாட்டிலிருந்து தள்ளினார்கள். வாசற்படி மேட்டில் சக்கரம் இடித்துக் கட்டில் குலுங்கியது. அவள் அலறினாள்.

"டகலூ நகா! ஹளூ, ஹளூ!"

மெதுவாக என்பது தெரியும். நகா தெரியும். மிச்சம் ஒரு சொல்தான். தள்ளாதீர்கள் என்கிறாள். டகல் என்றால் தள்ளு. எனக்குப் புதிதாக ஒரு சொல் கிடைத்த சந்தோஷம். வேலைக்காரர்களிடம், "தள்ளாதியோ, நில்லுங்க," என்று சொல்லிவிட்டு அந்தச் சொல்லை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன்.

அன்று பிற்பகல் வாமன்ராவ் வந்திருந்தபோது டாக்டர் வராந்தா வழியாக வந்தார். முறிவு எதிர்பார்த்தபடி சேரவில்லை என்று அவருக்குச் சந்தேகம். "எப்படி விழுந்தாள் என்று மறுபடி கேளுங்கள். காலூன்றி விழுந்தாளா, பக்கவாட்டிலா?" என்றார்.

கணவர் மராத்தியில் கேட்டார். அவள் வெகுநாளுக்குப் பிறகு சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். கணவரைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"த்யானெ மலா டகல்லம்."

வாமன்ராவ் சிரித்தார். மென்மையான சிரிப்பு. "பாசி வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தேன் என்கிறாள். உங்களுக்கெல்லாம் எவ்வளவு சிரமம் தருகிறேன் என்று வருத்தப்படுகிறாள், டாக்டர்."

"அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்," என்று டாக்டரும் சிரித்தார். அவள் தோளைத் தட்டினார்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். காலையில் கேட்ட சொல் இப்போது ஏன் வந்தது என்று அவரிடமே கேட்க வாயெடுத்தேன். 'இவள் தள்ளு என்கிறாளே' என்பது நாக்குநுனி வரை வந்துவிட்டது. மலா என்றால் என்னை. சொல்லித் தந்ததே அவர்தான். என்னைத் தள்ளு... என்னைத் தள்ளி... அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த முதல் நாள் டாக்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதே ஒலிதான். அன்றும் நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

வாமன்ராவ் ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எடை தரையைத் தொடாமல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

பார்வை நேரம் முடிந்து அவர் போன பிறகு அவளிடம் குனிந்தேன். கேட் பக்கம் கையைக் காட்டி, அவரா தள்ளினார் என்ற பொருளில், "த்யானெ... டகல்லம்?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். கண் விரிந்தது. உதடு துடித்தது. அழுவாள் என்று நினைத்தேன், ஆனால் சத்தமில்லாமல் சிரிப்பதுபோல அவள் வயிறு குலுங்கியது. எடை ஆடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கேட்டாள்:

"தும்ஹாலா மாஹீத் நவ்தம்?"

எனக்குப் புரியவில்லை. அவள் மறுபடியும் அதையே, என்னைத் திட்டுவதுபோலக் கேட்டாள். அந்த ஒலியை அப்படியே மனதில் பிடித்துக்கொண்டு மிசியம்மாவின் அறைக்குப் போனேன்.

"அவன் அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறான்!" என்று ஆரம்பித்தேன்.

"அது நீ நினைத்தது," என்றார். "கேட்டதைச் சொல்."

சொன்னேன். கட்டில் குலுங்கியது, வராந்தாவில் டாக்டர் கேட்ட கேள்வி, அவள் பதில், அவர் சொன்ன மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மிசியம்மாவின் முகத்தில் ரத்தம் வற்றியதை அன்றுதான் பார்த்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு சொல்லை வைத்து ஒருவனைக் கொலைகாரன் என்று சொல்ல முடியாது. ஒரு சொல்லை வைத்து அவளை அவனோடு அனுப்பவும் முடியாது. நாளை உனக்கு விடுமுறை. அந்த மொழி பேசும் ஆளைக் கண்டுபிடி. அவன் முன்னால் உன் முகம் நேற்றுப் போலவே இருக்கட்டும்." அன்றிலிருந்து வெளியார் தரும் ஆகாரம் யமுனாவுக்குக் கூடாது என்று உத்தரவு போட்டார். காரணம் கேட்டவர்களிடம் வயிறு சரியில்லை என்றோம்.

நாகர்கோவில் கோட்டாற்றுக் கடைத்தெருவில் பழைய நகைகளை உருக்கிப் பொன்னைச் சுத்தம் செய்யும் மராத்திக்காரர் ஒருவர் இருப்பதாகத் தட்டான் வீட்டு நோயாளி ஒருத்தி சொல்லியிருந்தாள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து அந்த மூன்று சொற்களையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். தக்கலையில் பக்கத்து இருக்கைக்காரி, "செபம் பண்ணுதியளோ?" என்று கேட்டாள். பதில் சொன்னால் மறந்துவிடுமோ என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

உருக்குக் கடைக்காரர் முழுவதும் கேட்டுவிட்டு, "புருசன் பெண்டாட்டி காரியம். நமக்கு எதுக்கு சிஸ்டர் வம்பு?" என்று ஊதுகுழலை எடுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி சாந்தா வந்தாள். கோட்டாற்றிலேயே பிறந்து வளர்ந்தவள், ஆனாலும் மராத்திப் பெண்களைப் போலப் பின்னால் கச்சம் செருகிய சேலை.

"அவ கேட்டத ஒருக்க சொல்லுங்க."

"தும்ஹாலா மாஹீத் நவ்தம்."

அவள் கணவரைப் பார்த்தாள். ஊதுகுழல் நின்றது.

"'ஒங்களுக்குத் தெரியாமலா இருந்துது?'ண்ணு கேட்டிருக்கா, சிஸ்டர்."

அவன் தள்ளினான் என்பதைவிட இதுதான் என்னை அடித்துப் போட்டது. தான் சொன்னதை அவன் அப்படியே எங்களிடம் சொல்லிவிட்டான் என்றுதான் அவள் இத்தனை வாரமும் நம்பியிருக்கிறாள். என்னைத் தள்ளினான் என்று அவள் சொல்கிறாள். நாங்கள் தலையாட்டுகிறோம், சிரிக்கிறோம், தோளைத் தட்டுகிறோம். பிறகு அவனுக்கே நாற்காலி போட்டு, அவன் கையால் ஆரஞ்சு தின்னச் சொல்கிறோம்.

மறுநாள் சாந்தா வந்தாள். கணவரும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார். தன் மொழியைக் கேட்டதும் யமுனா சாந்தாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பேசினாள், நிறுத்தவே இல்லை. சாந்தா மிசியம்மாவுக்கும் எனக்கும் துண்டு துண்டாகச் சொன்னாள். குழந்தை இல்லை. அவனுக்கு வேறு பெண் பார்த்தாயிற்று. அவர்கள் மாகாணத்தில் முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டினால் சட்டம் பிடிக்கும். பாறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து சூரியனைக் கும்பிடச் சொல்லிப் பின்னாலிருந்து தள்ளினான்.

"இங்க வந்த பொறவு தெனமும் அவ காதுல சொல்லுவானாம்," என்றாள் சாந்தா. "'நீ சொன்ன எல்லாத்தையும் நான் அவங்ககிட்டச் சொல்லியாச்சு. சிரிக்காங்க பாத்தியா?'ண்ணு."

தாசம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எம்பெருமானே... நானும் சிரிச்சனே."

அப்போது வாமன்ராவ் வார்டுக்குள் வந்தார். கையில் பழக்கூடையும் பூவும். கட்டிலருகே சேலைக்கட்டிலேயே அடையாளம் தெரிகிற ஒரு பெண் உட்கார்ந்து தன் மொழியில் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமோ பயமோ தெரியும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. தவறான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர்போல மிசியம்மாவுக்கு லேசாகத் தலைகுனிந்தார். கூடையைப் பக்கத்து மேஜையில் வைத்தார். திரும்பி நடந்தார். உருக்குக் கடைக்காரர் பின்னால் ஓடினார். கேட்டுக்கு வெளியே திருவனந்தபுரம் பஸ் கிளம்பிவிட்டிருந்தது.

அவனைப் பிடித்தார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிடிக்கவில்லை. சில வாரங்களில் யமுனாவின் அண்ணன் வந்து சேர்ந்தார். அவர்கள் ஊரில் அவன் வீடு பூட்டிக் கிடந்ததாம், உத்தியோகத்துக்கும் திரும்பவில்லையாம். கால் கூடி, ஊன்றுகோலோடு அவள் அண்ணனுடன் புறப்பட்டுப் போனாள். ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதற்குப் பிறகு எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. நோயாளிக்காக உறவினர் மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது, வெளியாள் ஒருவர் வேண்டும் என்று மிசியம்மா அன்று கொண்டுவந்த விதி நான் ஓய்வு பெறும்வரை எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தது. தெலுங்கும் கன்னடமும் எனக்கு வந்தது அந்த விதியால்தான். மொழி தெரியாத நோயாளி வந்தால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆனால் மராத்தியை யமுனாவிடமே படித்தேன். முதுகு தேய்க்கும்போது ஒரு சொல், சோறு ஊட்டும்போது ஒரு சொல். ஓரளவு பேச வந்ததும் நெடுநாளாக உறுத்தியதைக் கேட்டேன். "நாங்கள் தெரிந்தே சிரிக்கிறோம் என்று நினைத்தாயே, பிறகு எதற்காக எங்களைப் பார்த்துக் கும்பிட்டாய்? எங்கள் கையால் எப்படிச் சாப்பிட்டாய்?"

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. நல்லவர்களும் இப்படித்தான் இருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

போலீஸ் வந்தது மிகவும் தாமதமாக, யமுனா ஊருக்குப் போகுமுன், இன்னும் படுக்கையில் இருந்தபோது. ஒரு ஹெட் கான்ஸ்டபிள், கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து காகிதத்தை முழங்காலில் விரித்துக்கொண்டார். அவருக்கு இதில் பெரிய அக்கறை இல்லை.

"வழுக்கி விழுந்துதுண்ணு மாப்பிள்ளை அப்பமே எழுதிக் குடுத்தாச்சு. இப்பம் மாத்திச் சொன்னா நாளைக்குக் கோர்ட்டுல நிக்குமா? இவ என்ன பறையுகாண்ணு யாருக்குத் தெரியும்? நீங்க சொல்லுவிய, நான் எழுதணும். நீங்க சொல்லுகதுதான் இவ சொல்லுகதுண்ணு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. வாமன்ராவிடம் நாங்கள் யாருமே கேட்காத கேள்வி.

"சரி, கேளுங்க," என்று சலித்துக்கொண்டார். "எப்படி விழுந்தாண்ணு கேளுங்க."

நான் மராத்தியில் கேட்கத் தொடங்கினேன். யமுனா கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். பிறகு தாசம்மாளின் தமிழில், தாசம்மாளின் இழுப்போடு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"நான்... வழுக்கல்ல. நானா... கடலுல சாடல்ல."

தாசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் இல்லாத பகல் வேளைகளில் அவர்கள் இருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அவரு என்னத் தள்ளினாரு." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முன்னால் நீட்டிக் காட்டினாள். "ரெண்டு கை வச்சு. பொறத்தால நிண்ணு. தள்ளினாரு."

ஹெட் கான்ஸ்டபிள் பேனாவைப் பிடித்தபடி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் பக்கம் திரும்பினார். நான் கட்டிலை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"என்னப் பாரும்," என்றாள் யமுனா. "எழுதும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு எழுதினார்.